பயணப் பையில் ஓர் அஞ்சறைப் பெட்டி
(வெளியூர்க் கொள்முதலுக்குச் செல்லும் வணிகர்களுக்கான செய்முறைப் பாடம்)

கொள்முதலுக்காக வெளியூர் செல்லாத மளிகை வணிகர் நம்மில் எவரும் இல்லை. பருப்புக்கும் மிளகாய்க்கும் விருதுநகர், ஏலக்காய்க்குத் தேனி பக்கம், மஞ்சளுக்கு ஈரோடு, மற்றவற்றுக்குச் சென்னை என்று மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது பையைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறோம். நம் தந்தையார் காலத்தில் அந்தப் பையில் ஒரு வேட்டி, ஒரு துண்டு, குறிப்பு நோட்டு, இடுப்பில் பணம் இருந்தால் போதும். இன்று பணம், கணக்கு, முகவரி, ரயில் சீட்டு எல்லாமே கைப்பேசிக்குள் போய்விட்டன. 2016-இல் யு.பி.ஐ. வந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018-இல் இ-வே பில்லும் வந்து சேர்ந்தது. கைப்பேசி அணைந்துவிட்டால் கல்லாப் பெட்டி பூட்டிக்கொண்டு சாவி தொலைந்த நிலைதான்.

ஆகவே சார்ஜர், கேபிள், பவர் பேங்க் முதலிய சிறு மின்பொருட்களைப் பயணப் பையில் எப்படி ஒழுங்குபடுத்தி வைப்பது என்பதை இந்த இதழில் பாடமாகப் பார்ப்போம். இது என்ன பெரிய விஷயம் என்று எண்ண வேண்டாம். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

நாங்கள் பட்ட பாடு

திருவரங்கத்திலிருந்து நாங்கள் இருவர் துவரம் பருப்பு வாங்க விருதுநகர் சென்றிருந்தோம். காலையில் சரக்கைப் பார்த்தோம். விலையும் படிந்தது. 40 மூட்டைக்கு முன்பணம் அனுப்ப வேண்டிய நேரத்தில் கைப்பேசி அணைந்துவிட்டது. வங்கி விவரம், நம் ஜி.எஸ்.டி. எண், லாரிக்காரர் எண் எல்லாம் அதற்குள்தான்.

பையைத் திறந்தோம். உள்ளே சார்ஜர் இரண்டும் கேபிள் நான்கும் பவர் பேங்க் ஒன்றும் இருந்தன. எல்லாம் ஒன்றோடொன்று பின்னி, சிக்கெடுக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. நான்கு கேபிள்களில் இரண்டு பழைய போனுடையவை. ஒன்று கழுத்து ஒடிந்து கம்பி வெளியே தெரிந்தது. சரியாக இருந்த ஒன்றைப் பவர் பேங்கில் செருகினால், அதைச் சார்ஜ் ஏற்றவே மறந்து கொண்டுவந்திருக்கிறோம். கூட வந்தவரின் கைப்பேசியில் அன்றைய வரம்பு முன்பே முடிந்திருந்தது. ஒரு தேநீர்க் கடையில் கெஞ்சி, அரை மணி நேரம் சார்ஜ் ஏற்றித் திரும்பி வந்தபோது, “அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க, அடுத்த பார்ட்டி பணம் போட்டுட்டாங்க” என்று மண்டிக்காரர் சொல்லிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. சரக்குக்குக் காத்திருக்க நேரமில்லை.

அதே தரத்துச் சரக்கை வேறிடத்தில் மூட்டைக்கு 60 ரூபாய் கூடுதல் கொடுத்து வாங்கினோம். 40 மூட்டைக்கு 2,400 ரூபாய். ஒரு நல்ல கேபிளின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேருந்தில் திரும்பி வரும்போதுதான் ஒன்று விளங்கியது. எங்கள் பையில் இருப்பு இல்லாமல் இல்லை. கேட்ட சரக்கை எடுத்துக் கொடுக்க முடியாத கடை போல அது கிடந்தது. கடையில் அப்படி வைத்திருந்தால் பையனைத் திட்டியிருப்போம். நம் பையை யார் திட்டுவது?

முதல் படி: இருப்புக் கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் உள்ள எல்லா சார்ஜர்களையும் கேபிள்களையும் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் செருகிச் சோதித்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், வேலை செய்வதும் நமக்குத் தேவையானதும். இரண்டாவது, வேலை செய்யும் ஆனால் நம்மிடம் அதற்கான போன் இல்லை. இது வீட்டில் இருக்கட்டும், அல்லது தேவைப்படுவோருக்குக் கொடுங்கள். மூன்றாவது, கழுத்து ஒடிந்தது, செருகினால் ஆடுவது, சூடேறுவது. இது கழிவு. கழிவைச் சரக்கோடு சேர்த்து வைக்கும் வணிகன் இல்லை அல்லவா? மின்கழிவை வீட்டுக் குப்பையில் போடாமல், அதைப் பெறும் இடத்தில் சேர்க்க வேண்டும். மின்கழிவுகளுக்கென்றே 2022-இல் புதிய விதிகள் வகுக்கப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. உப்பிய பேட்டரியைக் குத்துவதோ நெருப்பில் போடுவதோ கூடவே கூடாது.

இந்தச் சோதனையிலேயே பாதிச் சுமை குறைந்துவிடும். முன்பெல்லாம் ஒவ்வொரு போனுக்கும் ஒரு முனை இருந்தது. இப்போது பெரும்பாலும் டைப்-சி என்ற ஒரே முனைக்கு வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைப்பேசிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஐபோனும் 2023 செப்டம்பரில் வந்த 15-ஆம் வரிசை முதல் டைப்-சிக்கு மாறிவிட்டது. அடுத்த முறை எந்தக் கருவி வாங்கினாலும் இதே முனை உள்ளதா என்று பார்த்து வாங்கினால், நான்கு கேபிளுக்குப் பதில் இரண்டு போதும்.

அஞ்சறை முறை

நம் வீட்டு அடுப்படியில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் எல்லாம் அதனதன் அறையில். இருட்டில் கை வைத்தாலும் வீட்டுப் பெண்கள் கடுகைத்தான் எடுப்பார்கள். அதே முறையைத்தான் நாம் பின்பற்ற வேண்டும்.

இதற்கென்று விலையுயர்ந்த பை தேவையில்லை. தமிழக அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியதிலிருந்து நம் கடைகளில் துணிப் பைக்குப் பஞ்சமில்லை. அந்தக் கெட்டித் துணியில் ஒன்றரை அடி நீளத்துக்கு ஐந்து அறைகள் வைத்துத் தையற்காரரிடம் தைக்கச் சொல்லுங்கள். மேலே ஒரு மடிப்பு, ஓரத்தில் கட்டுவதற்கு ஒரு நாடா. சுருட்டிக் கட்டினால் கைக்கடக்கமாகிவிடும், விரித்தால் ஐந்தும் கண்ணுக்குத் தெரியும்.

முதல் அறை: அடாப்டர். இரண்டு முனை உள்ள நல்ல அடாப்டர் ஒன்று இருந்தால் கைப்பேசியும் பவர் பேங்கும் ஒரே நேரத்தில் ஏறும். அதன்மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். உள்ளே வாங்கும் மின்சாரம் 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ரயிலிலும் வெளிநாட்டிலும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.

இரண்டாம் அறை: கேபிள்கள். ஒரு மீட்டர் நீளத்தில் ஒன்று, இரண்டு மீட்டர் நீளத்தில் ஒன்று. விடுதிகளில் மின்செருகி பெரும்பாலும் கட்டிலுக்கு எட்டாத இடத்தில்தான் இருக்கும் என்பது நமக்குத் தெரிந்ததே.

மூன்றாம் அறை: பவர் பேங்க் மட்டும். இதனுடன் சாவி, சில்லறைக் காசு எதுவும் சேரக்கூடாது. உலோகம் முனைகளில் பட்டால் மின்கசிவு ஏற்பட்டுச் சூடாகும்.

நான்காம் அறை: கடைக்கருவிகள். கார்டு தேய்க்கும் இயந்திரம், அதன் காகிதச் சுருள், டிஜிட்டல் கையொப்பத்துக்கான சிறு கருவி, பென் டிரைவ், கால்குலேட்டர். திருவிழாக் காலங்களில் வெளியே கடை போடும் நண்பர்களுக்கு ஒலிபெருக்கிப் பெட்டியும் சேரும். காகிதச் சுருள் வெப்பம் பட்டால் கறுத்துப்போகும் இனத்தைச் சேர்ந்தது. ஆகவே வெயிலில் நிற்கும் வண்டியில் பையை விட்டுச் செல்லாதீர்கள். அந்தக் காகிதத்தில் வாங்கிய பில்களும் நாளடைவில் வெளுத்துவிடும். வாங்கியவுடன் படம் எடுத்து வைத்துக்கொள்வது கணக்குக்கு நல்லது.

ஐந்தாம் அறை: சில்லறைப் பொருட்கள். காதில் மாட்டும் கருவி, சிம் கார்டு ஊசி, மெமரி கார்டு போன்றவை. இவற்றை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை அறைக்குள் வையுங்கள். உதிரியாகப் போட்டால் உளுந்தில் கலந்த கல் போலத் தேட வேண்டிவரும்.

கேபிள் சுற்றும் முறை

நம்மில் பலர் கேபிளை அடாப்டரைச் சுற்றி இறுக்கிச் சுற்றி வைக்கிறோம். அதுதான் கேபிளுக்கு எமன். உள்ளே இருப்பது மெல்லிய செம்புக் கம்பிகளின் கற்றை. முனைக்குப் பக்கத்தில் கழுத்துப் பகுதியை மடக்க மடக்க, கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். வெளித்தோல் நன்றாகத் தெரியும், உள்ளே பாதி அறுந்திருக்கும். சார்ஜ் மெதுவாக ஏறுவதும் முனை சூடாவதும் அதன் அறிகுறிகள்.

சரியான முறை இது. கேபிளை உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய வளையமாகத் தளர்வாகச் சுற்றுங்கள். பூக்கடையில் சரத்தைப் பந்தாகச் சுற்றும்போது இழுத்து முறுக்குவதில்லை, அது போகும் போக்கில்தான் விடுவார்கள். அதே போக்கு இதற்கும் பொருந்தும். சுற்றியபின் நடுவில் சாக்கு தைக்கும் நூலால் ஒரு சுருக்கு முடிச்சு. ரப்பர் வளையம் வேண்டாம். நம் ஊர் வெயிலில் அது இளகிக் கேபிளோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு நிற நூல் கட்டுங்கள். கைப்பேசிக்குச் சிவப்பு, கார்டு இயந்திரத்துக்குப் பச்சை என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டால், அவசரத்தில் படித்துப் பார்க்க வேண்டியதில்லை. சில மலிவுக் கேபிள்கள் மின்சாரத்தை மட்டும் கடத்தும், கோப்புகளைக் கடத்தாது. அவற்றையும் குறித்து வைக்க வேண்டும்.

மொத்த எடையும் நிகர எடையும்

பவர் பேங்க் வாங்கும்போது வணிகர்களாகிய நாமே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அட்டையில் 10,000 எம்.ஏ.எச். என்று பெரிதாக இருக்கும். நம் போனில் 5,000. அப்படியானால் இரண்டு முறை முழுதாக ஏறும் என்று கணக்குப் போடுகிறோம். ஏறுவதில்லை.

காரணம் எளிது. 10,000 என்பது உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட் கணக்கு. பெருக்கினால் 37 வாட் மணி. வெளியே வரும்போது அது 5 வோல்ட்டாக மாறுகிறது. 37-ஐ 5-ஆல் வகுத்தால் 7,400 எம்.ஏ.எச். மாற்றும்போது சூடாகப் போகும் சேதாரமும் உண்டு. ஆக, கைக்குக் கிடைப்பது 6,000 அளவுதான். ஒரு போனுக்கு ஏறத்தாழ ஒன்றரை முறை. பெரிய எண் மொத்த எடை, சாக்கும் சேர்ந்தது. பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெபாசிட்டி’ என்று போட்டிருப்பதே நிகர எடை. அதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

பவர் பேங்குக்கும் அடாப்டருக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். பொருளின்மேல் ஆர் என்ற எழுத்துடன் தொடங்கும் பதிவு எண் இருக்கும். அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணை இட்டால் யார் தயாரித்தது, எந்தப் பொருளுக்கான பதிவு என்பது தெரியும். நாம் விற்கும் பொருளுக்கு முத்திரை கேட்கிறார்கள். நாம் வாங்கும் பொருளுக்கு நாம் கேட்க வேண்டாமா?

ரயிலில், பேருந்தில்

மலைக்கோட்டை விரைவு ரயிலில் இரவு ஏறி, அதிகாலை சென்னை எழும்பூரில் இறங்குவது நம் வணிகர்களின் நெடுநாள் வழக்கம். தூங்கும் நேரத்தில் சார்ஜ் ஏறட்டும் என்று போனைச் செருகிவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. தீ விபத்தைத் தவிர்க்க, இரவு 11 மணி முதல் அதிகாலை 5 மணி வரை பெட்டிகளில் சார்ஜ் ஏற்றும் மின்இணைப்பை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை 2021 மார்ச்சில் ரயில்வே அறிவித்தது. ஆகவே இரவு ரயிலை நம்பிப் புறப்படாதீர்கள். வீட்டிலேயே கைப்பேசியையும் பவர் பேங்கையும் முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். பெட்டியில் எங்கோ தொங்கும் போன் திருடனுக்கும் வசதி என்பதையும் மறக்கலாகாது.

பேருந்தில் செல்வோருக்கு இன்னொரு கணக்கு. 2025 ஜூலை முதல் திருச்சியில் வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூர் முனையத்திலிருந்து இயங்குகின்றன. சென்னையில் 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டது. அங்கே இறங்கிய பிறகும் நகரின் கடைவீதிக்குப் போய்ச் சேர நெடுநேரம் ஆகும். வழி பார்க்கவும், வண்டி பிடிக்கவும், பணம் செலுத்தவும் போன் வேண்டும். காலைச் சார்ஜ் பகலுக்குள் தீர்வது இதனால்தான்.

பொது இடங்களில் யு.எஸ்.பி. துளை மட்டும் உள்ள சார்ஜ் நிலையங்களில் நேரடியாகக் கேபிளைச் செருக வேண்டாம். அந்தத் துளை வழியாகத் தகவலும் போய்வர முடியும். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டில் இந்த வகை மோசடியையும் சேர்த்திருக்கிறது. சுவர்ச் செருகியில் சொந்த அடாப்டரை மாட்டினால் மின்சாரம் மட்டுமே வரும். வணிகக் கணக்கு உள்ள போனுக்கு இந்த எச்சரிக்கை தேவை.

விமானத்தில் செல்வோர் கவனத்துக்கு

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜூன் மாதத்திலிருந்து இயங்கி வருகிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு என்று சென்றுவரும் நம் வணிகர்கள் பலர். பவர் பேங்க்கைச் சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். 100 வாட் மணி வரை தடையில்லை. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கும் மேல் கூடாது. மேலே சொன்ன கணக்கின்படி 10,000 என்பது 37, 20,000 என்பது 74. 30,000 என்பது 111 ஆகிவிடும், வரம்பு தாண்டும்.

இந்தக் கட்டுப்பாடு வீண் கெடுபிடி அல்ல. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசான் நகர விமான நிலையத்தில், புறப்படவிருந்த விமானம் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் வெளியேற்றப்பட்டனர். விமானம் எரிந்து போயிற்று. தீக்குப் பவர் பேங்க் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையில் தெரிவிக்கப்பட்டது. அதன்பின் பல நிறுவனங்கள் விதிகளை இறுக்கின. திருச்சிக்கு விமானம் இயக்கும் ஸ்கூட் நிறுவனம், 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்துவதற்கே தடை விதித்தது. பயணத்துக்கு முன் அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அஞ்சறைச் சுருளைக் கைப்பையின் மேல்பக்கம் வைத்தால், சோதனையில் கேட்டவுடன் எடுத்துக் காட்டலாம்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சுவர்ச் செருகி மூன்று சதுர முனை கொண்டது. நம் உருண்டை முனை நேராகப் பொருந்தாது. அதற்கான மாற்றுச் செருகி ஒன்றை ஐந்தாம் அறையில் போட்டு வையுங்கள்.

புறப்பாடும் திரும்புதலும்

லாரியில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் மூட்டையை எண்ணுகிறோம். அதே வழக்கம் இங்கும் வேண்டும். சுருளின் உள்மடிப்பில் ஓர் அட்டையைத் தைத்து, அதில் உருப்படிகளை எழுதுங்கள்: அடாப்டர் 1, கேபிள் 2, பவர் பேங்க் 1, கார்டு இயந்திரம் 1, சில்லறை டப்பா 1. ஆக 6. வீட்டை விட்டுக் கிளம்பும்போது 6, விடுதி அறையைப் பூட்டும்போது 6. குறைந்தால் சுவர்ச் செருகியைப் பாருங்கள், அங்கேதான் தொங்கும்.

திரும்பி வந்த அன்றே சுருளைப் பிரித்துப் பவர் பேங்க்கைச் சார்ஜ் ஏற்றி வைத்துவிடுங்கள். அடுத்த பயணம் திடீரென்று வரும். விலை இறங்கிய செய்தி நாள் குறித்து வருவதில்லை. மாதக்கணக்கில் பயணம் இல்லையென்றால் பாதி அளவு சார்ஜில் குளுமையான இடத்தில் வைப்பது பேட்டரிக்கு நல்லது. வீட்டில் பிள்ளைகள் “ஒரு நிமிஷம்ப்பா” என்று இந்தக் கேபிளை எடுக்காதபடி பார்த்துக்கொள்வது தனிப் பாடம். எங்கள் வீட்டில் அந்தப் பாடம் இன்னும் முடியவில்லை.

இறுதியாக ஒன்று. இத்தனைக்கும் பிறகு போன் கீழே விழுந்து உடையலாம், திருடு போகலாம். ஆகவே நம் முன்னோர் வழியையும் விட்டுவிட வேண்டாம். சுருளின் மடிப்பில் ஒரு சின்னத் தாள்: வீட்டு எண், கடை எண், லாரிக்காரர் எண், நம் ஜி.எஸ்.டி. எண். ரகசிய எண்களை மட்டும் எழுதக்கூடாது. அத்துடன் திரும்பி வரும் கட்டணத்துக்குக் கொஞ்சம் ரொக்கம், போன் இருக்கும் பையில் அல்லாமல் வேறிடத்தில்.

அன்று விருதுநகரில் அந்தத் தாள் இருந்திருந்தால், கடைக்குப் போன் போட்டு முன்பணத்தை இங்கிருந்தே அனுப்பச் சொல்லியிருப்போம். 40 மூட்டையும் பேசிய விலைக்கே திருவரங்கம் வந்து சேர்ந்திருக்கும். இந்த ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடையை ஒழுங்காக வைத்திருக்கும் நமக்குப் பையை ஒழுங்காக வைப்பது கடினமல்ல.